வன்காற்றும் வழுவா நெறியும்

காற்றைப் பெயரிட்டு வகுத்து அறிந்தவர் தமிழர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் வழங்கினர். கடலோடும் குடிக்குக் காற்றின் குணம் அறிதல் உயிர் காக்கும் கல்வி. அக்கல்வி இன்று உலக அரங்கில் ஒரு விளையாட்டாகவும் விளங்குகின்றது. சிறு பாய்ப்படகுப் பந்தயமே அது. அதில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து, போட்டி என்பதைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்தைச் சற்றே மறுபரிசீலனை செய்ய விழைகின்றோம்.

முதலில் அப்படகின் இயல்பை அறிதல் நன்று. 'ஃபின்' என்னும் வகைப் படகு 4.5 மீட்டர் நீளமே உடையது. ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைப் பாயும், ஒரு சுக்கானும், நீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு நடுப்பலகையும் அதன் உறுப்புகள். செலுத்துபவர் ஒருவரே. பெரிய கப்பலுக்கு அடியில் பாரம் உண்டு. இதற்கு அதைச் செலுத்துபவரின் உடலே பாரம். காற்று பாயை ஒருபுறம் சாய்க்க, அவர் மறுபுற விளிம்பில் அமர்ந்து, கால்களைப் பட்டையில் கொளுவி, உடலைக் கடலின் மேல் நீட்டிச் சமன் செய்கின்றார்.

காற்றின் விசை, அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வீசும் காற்று 35 கடல் மைலுக்கு ஏறினால், வேகம் இருமடங்கைச் சற்றே கடக்கின்றது. பாயின் மீது விழும் விசையோ ஐந்து மடங்கைத் தாண்டி விடுகின்றது. அக்காற்றும் சீராக வீசுவதில்லை, விட்டுவிட்டு மோதுகின்றது. மோதவரும் வீச்சை நீர்ப்பரப்பில் ஓடிவரும் கருநிறத் திட்டாக முன்கூட்டியே காணலாம். கண்டவுடன் பாயைப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். படகின் முகத்தைக் காற்றின் பக்கம் சிறிது திருப்ப வேண்டும். வீச்சு தணிந்ததும் மீண்டும் கயிற்றை இறுக்க வேண்டும். இறுகப் பிடித்தே வெல்வேன் என்பவன் கவிழ்கின்றான். விட வேண்டிய நொடியில் விடத் தெரிந்தவனே முன்செல்கின்றான்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள். சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் பந்தயங்கள் தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய கடலில் நடைபெற்றன. ஃபின் பிரிவின் ஏழு பந்தயங்களுள் ஐந்தாவது அன்று நிகழ்ந்தது. கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் விரைந்து கொண்டிருந்தார். மிதமாகத் தொடங்கிய காற்று 35 கடல் மைல் வேகத்தை எட்டியது; அலைகள் எழுந்தன. அருகிலுள்ள நீர்ப்பரப்பில் '470' என்னும் இருவர் செலுத்தும் படகுகளின் பந்தயம் நடந்து கொண்டிருந்தது. அதில் சிங்கப்பூரின் ஜோசப் சான், சியூ ஷா ஹர் ஆகிய இருவரின் படகு கவிழ்ந்து, இருவரும் காயமுற்றுக் கடலில் தத்தளித்தனர். ஒருவர் படகைவிட்டு விலகி அலையால் இழுக்கப்பட்டுக் கொண்டிருந்தார்.

லெமியூ தம் பந்தயப் பாதையை விட்டுத் திரும்பினார். விலகிச் சென்றவரை முதலில் தம் படகில் ஏற்றினார். பின்னர் மற்றவரையும் அடைந்தார். மீட்புப் படகு வந்து அவர்களைப் பெற்றுக் கொள்ளும்வரை காத்திருந்தார். அதன்பின் பந்தயத்தைத் தொடர்ந்து 22ஆவதாக முடித்தார். அவர் உதவியது தம் போட்டியாளர்க்குக்கூட அன்று. வேறொரு பந்தயத்தில் இருந்த வேற்று நாட்டார்க்கு.

நடுவர் குழு கூடி, உதவச் சென்ற வேளையில் அவர் இருந்த இரண்டாம் இடத்தையே அப்பந்தயத்தில் அவருக்கு வழங்கியது. ஏழு பந்தயங்களின் இறுதியில் அவர் பெற்றது 11ஆம் இடம். பதக்கம் இல்லை. எனினும் விளையாட்டுப் பண்பிற்கான பியர் தெ கூபெர்த்தன் பெயரிலான சிறப்புப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

அதே செப்டம்பர் 24ஆம் நாளில், அதே கனடா நாட்டைச் சேர்ந்த பென் ஜான்சன் சியோல் நகரில் 100 மீட்டர் ஓட்டத்தை 9.79 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஊக்க மருந்து உட்கொண்டமை மெய்ப்பிக்கப்பட்டதால் மூன்று நாளில் அத்தங்கம் பறிக்கப்பட்டது. இவ்விருவருள் உலகம் பெரிதும் பேசியது ஓட்டக்காரரைப் பற்றியே. நாம் எதைச் செய்தியாக மதிக்கின்றோம் என்பதற்கு இதுவே சான்று.

லெமியூவின் அருளுள்ளத்தைப் போற்றுவது எளிது. போற்றிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவது அதனினும் எளிது. இந்நிகழ்ச்சியில் அதற்கு மேலும் இரண்டு உண்மைகள் உள்ளன என்பது நம் கருத்து.

முதலாவது, அருளுக்கு ஆற்றல் வேண்டும். அக்காற்றில் தம் படகையே நிலைநிறுத்தத் தெரியாத ஒருவர் அங்கே சென்றிருந்தால், காப்பாற்றப்பட வேண்டியோர் மூவராகியிருப்பர். ஓடும் படகைக் காற்றில் நிறுத்தி, நீரில் நனைந்து கனத்த ஓர் உடலைக் கவிழாமல் ஏற்றுவது பல்லாண்டுப் பயிற்சியின் பயன். பாய்ப்படகுப் பந்தய விதிகளும், போட்டியில் இறங்குவதா, தொடர்வதா என்னும் முடிவின் பொறுப்பைப் படகினரிடமே விடுகின்றன. தன் வலியைத் தானே அளந்தறிக என்பதே அதன் பொருள். பிறர்க்கு உதவ எண்ணும் மாணவர், முதலில் தம் துறையில் வல்லவராதல் வேண்டும். நல்ல மனம் மட்டும் மூழ்குபவரைக் கரை சேர்க்காது.

இரண்டாவது, அருளுக்கு நெறியின் துணை வேண்டும். பாய்ப்படகுப் பந்தய விதி நூலின் முதல் விதியே, இடருற்றோர்க்கு இயன்ற உதவி அனைத்தும் செய்தல் வேண்டும் என்பது. வெற்றி பெறும் வழியைச் சொல்வதற்கு முன்பே அது உயிர்காக்கும் கடமையைச் சொல்லிவிடுகின்றது. அவ்வாறு உதவியதால் இடம் இழந்தவர்க்கு ஈடு செய்யவும் அந்நூலில் வழியுண்டு. ஆகவே நடுவர் குழு லெமியூவுக்குக் காட்டியது கருணையன்று, நீதி. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், இந்தியாவிலிருந்து இவ்விளையாட்டிற்குத் தகுதி பெற்ற முதல் பெண்ணாகக் களம் இறங்கிய சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனும் இவ்விதிக்கு உட்பட்டே படகு செலுத்தினார்.

வள்ளுவர் அருளுடைமையை அறத்துப்பாலில் வைத்தார்; கண்ணோட்டத்தையோ பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் இடம்பெற்ற அதே இயலில் வைத்தார். இரக்கம் தனிமனிதர் நெஞ்சோடு முடிவதன்று, ஆளும் முறையிலும் அமைய வேண்டுவது என்பதற்கு அவ்வைப்பு முறையே நமக்கு வழிகாட்டுகின்றது.

நம் சமூகத்தில் இந்நெறி எவ்வாறுள்ளது? சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டும் விலகிச் சென்றவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேருமே என்று அஞ்சியவரே பலர். 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்பளித்த நெறிமுறைகளும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவ்வாறு உதவுவோர்க்குப் பாதுகாப்பளித்துள்ளன. நெஞ்சில் இருந்த இரக்கத்திற்குச் சட்டம் பின்னர் வந்து தோள் கொடுத்தது.

கல்விக்கூடங்களில் இந்நெறி இன்னும் வரவேண்டியுள்ளது. விடுதியில் நள்ளிரவில் நோயுற்ற தோழனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, விடியும்வரை உடனிருந்து, மறுநாள் உள்மதிப்பீட்டுத் தேர்வைத் தவறவிட்ட மாணவரை நாம் அறிவோம். நோயுற்றவர்க்கு மருத்துவச் சான்று கிடைத்தது; மறுதேர்வும் கிடைத்தது. உடனிருந்தவர்க்குக் கிடைத்தது வருகைக் குறைவும் சுழி மதிப்பெண்ணும். விதியில் இடமில்லை என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட விடை. விடை சொன்னவர் கொடியவர் அல்லர், விதிதான் குறையுடையது. அடுத்த முறை கதவு தட்டப்படும்போது அம்மாணவர் சற்றே தயங்குவாராயின், அத்தயக்கத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் நாமே.

இதனைப் பொய்யாகப் பயன்படுத்துவோர் இரார் என்று நாம் கூறவில்லை. பந்தயக் களத்திலும் அந்த ஐயம் எழக்கூடியதே. அதற்காக அவர்கள் விதியை நீக்கவில்லை. கேட்டு ஆராய்ந்து முடிவு சொல்ல நடுவர் குழுவை அமைத்தனர். நம் கல்லூரிகளிலும் ஆசிரியர் மூவர் கொண்ட ஒரு குழு போதும். பிறர்க்கு உதவியதால் வகுப்பையோ தேர்வையோ இழந்தவர் முறையிடலாம். உண்மையெனத் தெளிந்தால் இழந்ததைத் திரும்ப வழங்கலாம். கூடுதலாக ஒரு மதிப்பெண்ணும் வேண்டா. இழந்தது மீண்டால் போதும். ஆசிரியப் பெருமக்களும் கல்லூரியின் நலம் நாடும் பெரியோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்கள் செல்லவிருக்கும் கடலிலும் காற்று கடிது; மதிப்பெண், வேலை, வருவாய் என்று வீச்சுகள் அடுத்தடுத்து மோதும். அவற்றைச் சமாளிக்கும் திறனை இவ்வகுப்பறைகளில் பெறுக. முன்செல்க; வெல்க. பக்கத்து நீரில் ஒரு கை மேலெழுந்து அழைக்குமாயின், கயிற்றைத் தளர்த்திப் படகைத் திருப்புக. அவ்வாறு திரும்பியவரின் இடத்தைக் காத்து வைத்தல் நம் கடன்.