கமிட்டி ஏலமும் மும்பை சர்வரும்

கள்ளக்குறிச்சியில் ஒருவர் செல்போனில் தட்டும் ஆப்ஷன் ஆர்டர் மும்பை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ செகண்ட் பிடிக்கும். நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர் என்றால், போக மட்டும் 5,000 மைக்ரோ செகண்ட். தரகர் நிறுவனத்தின் சர்வர், மார்ஜின் சோதனை எல்லாம் அதற்கு மேல். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறிவிட்டால் சிக்னலே விட்டு விட்டுத்தான் வரும். அங்கே இந்தக் கணக்கே வேண்டாம். தேசியப் பங்குச்சந்தையின் டேட்டா சென்டருக்குள்ளேயே ரேக் வாடகைக்கு எடுத்தவருக்கோ நடுவில் இருப்பது கொஞ்ச நீளக் கேபிள்தான்.

வேடிக்கை என்னவென்றால், தூரத்தை ஒழித்ததே இதே சந்தைதான். 1994-ல் வர்த்தகம் தொடங்கியபோது வீசாட் டிஷ்கள் மூலம் சிறு நகரத் தரகரையும் மும்பைத் தரகரையும் ஒரே விலைத் திரைமுன் உட்கார வைத்தது. சென்னைப் பங்குச்சந்தை போன்ற வட்டாரச் சந்தைகள் அந்தப் போட்டியில் படுத்துவிட்டன. பிறகு, 2010 வாக்கில், அதே தேசியப் பங்குச்சந்தை 'கோ-லொகேஷன்' என்ற பெயரில் அருகாமையை விற்கத் தொடங்கியது.

விற்றதிலும் கோளாறு. 2014 வரை விலைத் தகவல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகவில்லை, வரிசையாகப் போனது. காலையில் முந்தி லாகின் செய்தவருக்கு முதல் தகவல். கூட்டம் இல்லாத மாற்று சர்வரில் நுழைந்தவர்களும் உண்டு. 2019 ஏப்ரலில், சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி, தேசியப் பங்குச்சந்தையை ரூ.624.89 கோடியை வட்டியுடன் கட்டச் சொன்னது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக ரூ.100 கோடி செலுத்தச் சொன்னது. கூட்டுச்சதிக்கு ஆதாரம் இல்லை என்று 2024 செப்டம்பரில் செபியே முடித்து வைத்தது.

நடுவில் நல்ல மாற்றங்களும் வந்தன. தகவல் இப்போது ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போகிறது. 2018-ல் சிறு தரகர்கள் ரேக்கைப் பகிர்ந்துகொள்ளவும், ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் காட்டும் டிக் தகவலை இலவசமாகப் பெறவும் செபி வழி செய்தது. ஆனால் இதெல்லாம் அறைக்குள் இருப்பவர்களுக்கு இடையிலான சமத்துவம்.

வெளியே இருப்பவர்கள் யார்? 2024-ல் வந்த செபி ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். இப்படி இறங்கியவர்களில் 72 சதவீதத்துக்கும் மேல் முதல் 30 நகரங்களுக்கு வெளியே உள்ளவர்கள். மறுபக்கம், அந்நிய முதலீட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதம், கணினி தானாக ஆர்டர் போடும் அல்கோ வழியாக வந்தது. நஷ்டத்துக்கு வேகம் மட்டுமே காரணமல்ல, பேராசைக்கும் பங்குண்டு. மாதாமாதம் எஸ்ஐபி கட்டுகிறவர் மைக்ரோ செகண்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஆனால் ஆப்ஷனில் இறங்குகிறவர் எதிரில் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டாவது இறங்கட்டும்.

அருகாமைக்கு விலையே இல்லாத சந்தையும் உண்டு. நம்மூர் மார்க்கெட் கமிட்டிகளில் விளைபொருளுக்கு நடக்கும் மறைமுக ஏலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். நேரம் முடிந்ததும் மொத்தமாகப் பிரித்து, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டவருக்கு ஒரு லாபமும் இல்லை.

இதுபோன்ற யோசனைகளைத்தான் 2016 ஆகஸ்டில் செபி தன் விவாத அறிக்கையில் முன்வைத்தது: ஆர்டர்களைச் சிறு இடைவெளிகளில் சேர்த்து ஒன்றாகப் பொருத்துவது, கோ-லொகேஷன் ஆர்டருக்கும் மற்ற ஆர்டருக்கும் தனித்தனி வரிசை வைப்பது. இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. வேகம் குறைந்தால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி கூடும் என்பது எதிர்வாதம். இருக்கலாம். ஆனால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருந்தால் மனிதர் யாருக்கும் நஷ்டமில்லை. சில ஆப்ஷன்களில், அவை முடியும் நாளில் மட்டுமாவது செபி இதைச் சோதித்து, கிடைத்த எண்களை வெளியிடட்டும்.