பயம் என்ன விலை?

'லோ பட்ஜெட் பேய்ப்படம் சார், எல்லாம் டூப்புன்னு தெரியுது.' வெஸ் க்ரேவனின் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) பற்றி இன்றைக்குப் பார்க்கிற பலர் சொல்வது இது.

தெரியட்டுமே! கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி, தூங்குகிற பெண்ணின் தலைக்கு மேலே சுவரிலிருந்து பிதுங்கி வருவான். சுவர் என்பது இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் துணி. பின்னாலிருந்து ஓர் ஆள் சாய்ந்தார், அவ்வளவுதான். 2010 ரீமேக்கில் அதையே கம்ப்யூட்டரில் செய்தார்கள். முதல் படத்துக்கு ஆன செலவு பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல்; ரீமேக்குக்கு மூன்றரைக் கோடி. பார்த்தால் கொட்டாவி வருகிறது.

கடைசியில் அம்மாவைக் கதவு ஜன்னல் வழியே இழுக்கும்போது பொம்மை என்று அப்பட்டமாகத் தெரியும். அதற்குச் சிரியுங்கள், நியாயம். ஆனால், 'லாஜிக் இல்லை' என்பதை ஏற்க முடியாது. கனவில் என்ன சார் லாஜிக்? தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்கா வந்த அகதிகளில் சிலர் தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகளைப் படித்துத்தான் க்ரேவன் இந்தக் கதையைப் பிடித்தார். போருக்குத் தப்பி வந்தவர்கள் படுக்கையில் செத்துப்போனது எந்த லாஜிக்?

2021ல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. பேய்ப்படத்துக்குப் பட்ஜெட் கணக்குப் பார்க்காதீர்கள். ராத்திரி விளக்கை அணைக்க முடிந்ததா, அதைச் சொல்லுங்கள்.