வினைமுற்று இல்லாத ஒரு தீர்ப்பு

2024 ஆகஸ்ட் 31 அன்று தேசிய மருத்துவ ஆணையம் எம்.பி.பி.எஸ். படிப்புக்கான புதிய பாடத்திட்ட நெறிமுறைகளை வெளியிட்டது. தடயவியல் மருத்துவப் பகுதியில், ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ என்னும் தலைப்பின்கீழ்க் குதப்புணர்ச்சியும் பெண்களின் தன்பாலுறவும் இடம்பெற்றிருந்தன. 2022இல் அதே ஆணையம் நீக்கியவைதாம் இவை. அந்த நீக்கத்துக்கு வழிவகுத்தவை 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகள்.

இதை எழுத்தர் பிழையென்று கடந்துவிட விரும்புவோர் காலவரிசையை நோக்க வேண்டும். வயதுவந்தோரின் மனமொத்த உறவு குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 377ஆம் பிரிவே இல்லை. (அதனால் ஆண்கள் மீதான வன்புணர்ச்சிக்கு உரிய சட்டப்பிரிவும் இல்லாமற்போனது தனிக் கவலை.) ஆக, தண்டனைச் சட்டத்தில் இல்லாத ஒரு குற்ற வகை இரண்டே மாதத்தில் வகுப்பறைக்குள் திரும்பியது.

மொழியியல் நோக்கில் இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘தன்பாலுறவு குற்றம்’ என்று பாடத்திட்டம் எங்கும் கூறவில்லை. ஒரு தலைப்பு, அதன்கீழ்ச் சில பெயர்ச்சொற்கள்; அவ்வளவே. வாக்கியமாக இருந்தால் மாணவர் அதை மறுத்துரைக்கலாம், சான்று கேட்கலாம். பட்டியலை மறுக்க முடியாது, மனப்பாடம் செய்யலாம். அப்படிக் கற்ற மருத்துவரிடம் பின்னாளில் ஒருவர் தம் உறவைப் பற்றிச் சொல்லத் தயங்கினால், சொல்லாத அச்செய்தியோடு நோயறிதலும் தவறக்கூடும்.

மருத்துவக் கல்வியில் அறிவியல் மட்டுமே போதும், சமூகநீதிக் கருத்துகளைத் திணிக்கலாகாது என்பது எதிர்ப்பாளரின் வாதம். அதே ஆவணத்தில் கன்னித்தன்மைக்கான வரையறையும் மீண்டிருந்ததை அவர்கள் எந்த அறிவியலில் சேர்ப்பார்கள்? தன்பால் திருமணத்தை ஒன்றிய அரசு 2023இல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற சூழலில், இப்பட்டியல் அரசியல் கலவாதது என்று நம்புவதும் கடினம்.

சேர்த்ததைப் போலவே விடுத்ததும் பேசியது. படிப்பின் தொடக்கத்தில் மாற்றுத்திறன் குறித்துக் கற்பிக்க ஒதுக்கியிருந்த ஏழு மணிநேரம் இந்த நெறிமுறைகளில் காணாமற்போயிற்று. மருத்துவக் கல்வியில் அப்பொருள் இடம்பெற வேண்டுமென்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஆணை. ஏழு மணிநேரம் மிகக் குறைவுதான், அதுவும் பொறுக்கவில்லை.

மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்களும் பால்புதுமையினர் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்த பின், செப்டம்பர் 5 அன்று ஆணையம் நெறிமுறைகளைத் திரும்பப் பெற்றது. ஏன் என்ற விளக்கம் அச்சுற்றறிக்கையில் இல்லை. அடுத்து வந்த திருத்தத்தில் அக்குற்றப் பட்டியல் நீங்கியது உண்மை. ஆனால் 2022இல் நீக்கியது 2024இல் எவர் பரிந்துரையால் மீண்டது என்பதை ஆணையம் வெளியிட வேண்டும். பாடத்திட்டக் குழுக்களின் கூட்டக் குறிப்புகளைப் பொதுவில் வைக்கும்படி கேட்கும் பொறுப்பு, மருத்துவக் கல்லூரி ஆசிரியர் சங்கங்களுக்கும் உண்டு.