சாவி இல்லாத ராணுவ வாகனங்கள்: பூட்டு எங்கே இருக்க வேண்டும்?

அமெரிக்க ராணுவத்தின் பல வாகனங்களை இயக்கச் சாவி தேவையில்லை. ஹம்வீ வாகனத்தில் ஒரு விசையைத் திருப்பினாலே என்ஜின் இயங்கும். போர்க்களத்தில் ஓட்டுநர் காயமடைந்தால், அருகில் இருப்பவர் அடுத்த நொடியே வண்டியை எடுத்தாக வேண்டும். சாவியைத் தேட அவகாசம் இருக்காது. போரில் உயிர் காக்கும் இந்த ஏற்பாடே அமைதிக் காலத்தில் திருட்டுக்கு வழிவிடுகிறது.

1995 மே 17-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், தேசியக் காவல் படையின் வளாகத்துக்குள் புகுந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் 57 டன் எடையுள்ள எம்60 ரக பீரங்கியை ஓட்டிச் சென்றார். சுமார் 23 நிமிடங்களில் ஏராளமான கார்களும் மின்கம்பங்களும் நொறுங்கின. நெடுஞ்சாலைத் தடுப்பில் பீரங்கி சிக்கிய பிறகே காவல்துறையினரால் அதன் மூடியைத் திறக்க முடிந்தது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2018 ஜூனில் வர்ஜீனியாவில் நிகழ்ந்தது வேறு வகை. ஃபோர்ட் பிக்கெட் முகாமிலிருந்து கவச வாகனத்தை எடுத்துச் சென்றவர், அங்கு பயிற்சியில் இருந்த அதிகாரியே. தலைநகர் ரிச்மண்ட் வரை காவல்துறை வாகனங்கள் பின்தொடர்ந்தும் அவரை வழியில் நிறுத்த முடியவில்லை. 2021 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பெல் நகரில் ஹம்வீ ஒன்று திருடுபோனபோது, துப்புக் கொடுப்போருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது எஃப்.பி.ஐ.

முதல் சம்பவத்தில் தவறியது வளாகக் காவல்; இரண்டாவதில், உள்ளே இருப்பவர் மீதான கண்காணிப்பு. ஸ்டீயரிங்கைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டுவது பழைய வழக்கம். ஆனால், சங்கிலியை வெட்டிவிடலாம். இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்தினால், அதன் சமிக்ஞை போர்க்காலத்தில் எதிரிக்கும் வழிகாட்டக்கூடும். எனவே வாகனத்துக்குள் பொருத்த முடியாத பூட்டை, அதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும்: காவலுள்ள வாயில், வெளியே எடுக்க இருவரின் ஒப்புதல், அன்றாடக் கணக்கெடுப்பு.

இந்தியாவுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. இங்கு அரசு வாகனத்தின் தோற்றமே அனுமதிச் சீட்டாகப் பயன்பட்டிருக்கிறது. 2001 டிசம்பர் 13-இல் நாடாளுமன்றத்தைத் தாக்கியவர்களின் காரில் உள்துறை அமைச்சகத்தின் போலி ஒட்டி இருந்தது. 2016 புத்தாண்டையொட்டி பதான்கோட் விமானப் படைத் தளத்தைத் தாக்கியவர்கள், அதற்கு முன் காவல்துறை அதிகாரி ஒருவரின் சுழல் விளக்கு பொருத்திய வாகனத்தைக் கடத்தினர். அந்தத் தாக்குதலில் பாதுகாப்புப் படையினர் 7 பேர் உயிரிழந்தனர்.

சாதாரண அரசு வாகனத்துக்கே இவ்வளவு மதிப்பு என்றால், ராணுவ எண் பலகை தாங்கிய வாகனத்தைச் சாலையில் நிறுத்திச் சோதிக்க எத்தனை பேர் துணிவர்? ஆகவே திருட்டைத் தடுப்பது பாதி வேலைதான். சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்த்து வழிவிடாமல், ஓட்டுபவரின் அடையாளத்தையும் பயண ஆணையையும் சரிபார்ப்பதே மீதிப் பாதி.