காற்றை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைக்கும் முன்

பங்குனியில் கொன்னையூர் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் கார்களில் நாலைந்தாவது பொன்னமராவதிப் பட்டறைகளுக்கு வந்து சேரும். வெளியூரில் ஆறேழு வருடம் ஓடி, செகண்ட் ஹேண்டில் கைமாறிய, காற்று சஸ்பென்ஷன் உள்ள ஆடி, பென்ஸ், ரேஞ்ச் ரோவர் வண்டிகள். ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தும்போது நேராக நின்ற வண்டி, காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்ன விலையைக் கேட்டுக் கலங்கிப்போய் வரும் உரிமையாளர் நம்மிடம் சொல்வது இதுதான்: "அண்ணே, இந்த ஏரே வேணாம். சாதா ஸ்பிரிங்கப் போட்டு விட்டுருங்க."

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். பட்டறைக்காரர்களிடம் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் பொன்னமராவதியில் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். முன்பக்கம் வலது சக்கரத்தில் உட்கார்ந்துவிட்ட வண்டி வந்தது. உரிமையாளர் ஸ்பிரிங்குக்கு மாற்றும் கிட்டுக்கே விலை விசாரித்து வைத்திருந்தார். பட்டறைத் தம்பி எதுவும் பேசவில்லை. ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து, காற்று அடைத்த ரப்பர் பலூனின் மடிப்பு முழுக்க அடித்தார். ஒன்றுமில்லை. ஸ்ட்ரட்டின் தலையில் மெல்லிய காற்றுக் குழாய் நுழையும் மூட்டில் அடித்ததும் கடுகு கடுகாகக் குமிழ் எழும்பியது. குழாயின் முனையைச் சில மில்லிமீட்டர் நேராக நறுக்கி, மூட்டை மாற்றினார். பலூன் நன்றாக இருந்தது. கம்ப்ரஸரும் நன்றாக இருந்தது.

இந்த மூட்டை இன்னும் ஆறு மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் கம்ப்ரஸர் போயிருக்கும். விட்டு விட்டு ஓடுவதற்காகச் செய்த சின்ன மோட்டார் அது. கசிவை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருந்தால் சூடேறும், ரிலே ஒட்டிக்கொள்ளும், கடைசியில் எரியும். அதன் பிறகு வண்டியைப் பார்க்கிறவருக்கு 'எல்லாமே போச்சு' என்றுதான் தோன்றும். நம் ஊர் வெயிலில் பலூனின் மடிப்பில் வெடிப்பு விழுவது உண்மைதான். அப்போதும் மாற்ற வேண்டியது அந்தப் பலூனைத்தான், மொத்த அமைப்பையும் அல்ல. மூட்டு, பலூன், வால்வு பிளாக், கம்ப்ரஸர், ரிலே எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்பிரிங் பேச்சே வர வேண்டும்.

அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நான் முதலில் கேட்பது கிட்டின் விலையை அல்ல. இதே பாடியை மேக்கர் எங்காவது சாதாரண ஸ்பிரிங்கில் விற்றாரா என்பதுதான் என் கேள்வி. 2002-ல் வந்த பென்ஸ் ஈ கிளாஸ் ஸ்பிரிங்கிலும் வந்தது, காற்றிலும் வந்தது. முதல் தலைமுறை ஆடி க்யூ7-ம் அப்படித்தான். இந்த வண்டிகளுக்கு எந்த ஸ்பிரிங், எந்த ஷாக், மேலே எந்த மவுன்ட் என்பதெல்லாம் பார்ட் நம்பரோடு இருக்கிறது. அதே எஞ்சின், அதே எடைக்கு உரியதைத் தேடி எடுத்தால் மேக்கரின் கணக்கே நமக்குத் துணை. ஆனால் 1998-ல் வந்த பென்ஸ் எஸ் கிளாஸ் சாதாரண ஸ்பிரிங்கில் வந்ததே இல்லை. 2002-ன் ரேஞ்ச் ரோவரும் அப்படியே. அவற்றுக்கு விற்கிற கிட் எல்லாம் வேறு யாரோ போட்ட கணக்கு. சோதித்த விவரம், சுமை அளவு எல்லாம் எழுத்தில் தராத கிட்டை நான் தொடமாட்டேன். அந்த வண்டிகளில் காற்றையே பழுது பார்ப்பதுதான் சரி என்பது என் முடிவு.

சுமைக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒரு வண்டிக்குப் பின்பக்கம் மட்டும் ஸ்பிரிங் போட்டேன். காலி வண்டியில் உயரம் அழகாக இருந்தது. அந்தக் குடும்பம் ஐந்து பேர், பெட்டி படுக்கையோடு பிள்ளையார்பட்டிக்குப் போய் ராத்திரி திரும்பினார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்களாம். பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரில் வருகிறவர் கண்ணில் அடித்திருக்கிறது. சில மாதத்தில் பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் கம்பி தெரியத் தேய்ந்து வந்தது. அந்த டயர் சாலையில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

பலூனில் சுமை ஏறினால் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும், உயரம் மாறாது. ஸ்பிரிங்குக்கு அந்த வசதி கிடையாது. சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் என்று வையுங்கள். பின் அச்சில் 300 கிலோ கூடினால் ஒரு சக்கரத்துக்கு 150 கிலோ, வண்டி சுமார் 37 மில்லிமீட்டர் இறங்கும். உயரம் இறங்கினால் கேம்பரும் டோவும் மாறும். எனக்கு டயர் தேய்ந்த கதை இதுதான். ஆகவே ஸ்பிரிங்கைக் காலி வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போட்டு, ஆட்களை ஏற்றியும் எடை போடுங்கள். ஒரு அச்சில் ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் ஸ்பிரிங் என்பது கூடவே கூடாது. 'ஸ்பீடு பிரேக்கர்ல அடிக்குது, ரெண்டு இஞ்ச் தூக்கி வைங்க' என்பவருக்கும் இணங்காதீர்கள். உயர்ந்த வண்டி வளைவில் சாயும்.

இனி நம் உயிர் சம்பந்தப்பட்டது. காற்று வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கும் முன் ஜாக்கி மோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அடியில் இருக்கும்போதே வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் கையை உள்ளே விடவே கூடாது. காற்றை ஸ்கேனர் வழியாக இறக்குங்கள். இறக்கிய பிறகும் பல ஸ்ட்ரட்டுகளில் ஒரு வால்வு சுமார் 3 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். கார் டயரில் இருப்பதைவிட அது அதிகம். மூட்டை மெதுவாகத் தளர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஸ்பிரிங்கை அழுத்தும்போது இன்னொரு ஆபத்து. மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அழுத்தினால் உள்ளே அடங்கும் சக்தி சுமார் 340 ஜூல். 34 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியின் கொக்கிகளை எதிரெதிரே மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக முறுக்குங்கள். தேய்ந்த மரையோடு அந்தக் கருவியை வைத்திருப்பவர் இன்றைக்கே தூக்கிப் போட வேண்டும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகி நின்று சீக்கிரம் கிழியும். வண்டி தரையில் நின்று எடை ஏறிய பிறகே கடைசி முறுக்கு.

சஸ்பென்ஷன் விளக்கு டேஷ்போர்டில் எரிகிறது என்று பியூஸைப் பிடுங்குவது நம் தொழிலுக்கு அவமானம். பல வண்டிகளில் உயர சென்ஸாரைத்தான் முன்விளக்கின் சாய்வும் நம்பியிருக்கிறது. சென்ஸாரை அப்படியே இடத்தில் விட்டு, ஸ்பிரிங் வண்டியின் கோடிங்கை முறையாக ஏற்றுங்கள். பிறகு அலைன்மென்ட், ஸ்டீயரிங் கோண சென்ஸார், விளக்கின் சாய்வு மூன்றையும் சரி பாருங்கள். கண்ணாடியில் கேமரா உள்ள வண்டியானால் அதன் கேலிபிரேஷனும் உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, மேக்கர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. ஸ்பேனரை எடுக்கும் முன்பே உரிமையாளரைப் புதுக்கோட்டை ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை வண்டி நிற்கட்டும்.

வேலை முடிந்ததும் பில்லில் 'சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரியாக எழுதாதீர்கள். நாலு ஸ்பிரிங்கின் பார்ட் நம்பர், இரண்டு அச்சின் எடை, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையின் அளவு, அலைன்மென்ட் சீட்டு, கழற்றிய கம்ப்ரஸரும் பலூனும் உரிமையாளர் கையில் கொடுக்கப்பட்டது என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். 1,000 கிலோமீட்டரில் திரும்ப வரச் சொல்லி, அதே நாலு அளவையும் பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.