அம்மைக்குச் சோறு, பிள்ளைகளுக்கு வயலா?

"அம்மைக்கு எதுக்கு நெலம்? நாங்க சோறு போட மாட்டமா?" பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் இந்தப் பேச்சு நாஞ்சில் நாட்டு வீடுகளில் எழுந்துவிடுகிறது. கணவன் இறந்தால் மனைவிக்கு ஆயுள் வரை இருந்து உண்ணும் பாத்தியம் மட்டுமே, வயலும் விளையும் பிள்ளைகளுக்கு என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை அடியோடு தவறு. குமரி மாவட்டத்தில் எந்த மதத்துக் குடும்பத்துக்கும் இன்று அப்படி ஒரு சட்டம் கிடையாது. முன்பு இருந்தது. அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"நம்ம ஊரில் பெண்வழிச் சொத்து, அந்தக் காலத்திலேயே பெண்ணுக்குக் குறைவில்லை" என்று பெருமை பேசுவோர் உண்டு. மருமக்கள் வழியில் சொத்து தாய்வழியாக இறங்கியது உண்மைதான். ஆனால் சாவி குடும்பத் தலைவரான காரணவர் கையில் இருந்தது. அவர் கண்ணை மூடினால் பொறுப்பு அவருடைய தாய்வழியில் அடுத்த ஆணுக்குப் போகும். அவருக்குச் சமைத்துப்போட்டு, பிள்ளை பெற்று வளர்த்த மனைவிக்கு உகந்துடைமை என்று ஏதோ ஒரு பகுதி. அதற்கும் மருமக்களோடு மல்லுக்கட்ட வேண்டும். தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைச் சொல்வதாக எழுதினார். அந்த முறையின் அடி யார் முதுகில் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொல்லம் ஆண்டு 1101-இல் அந்த முறையை மாற்ற நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பிறகு 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது.

கிறிஸ்தவர்களின் கதை இன்னும் கசப்பானது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் விதவைக்குக் கொடுத்தது ஆயுள்கால உரிமை. மறுமணம் செய்தால் அதுவும் போச்சு. மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. குமரி தமிழ்நாட்டோடு இணைந்து இருபது ஆண்டுக்கு மேல் கழித்தும், சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டு, அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியே காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் இல்லாத சட்டத்தைக் காட்டிப் பெண்களுக்குப் பங்கை மறுத்திருக்கிறோம்.

இன்றைய நிலை என்ன? உயில் எழுதாமல் கணவன் இறந்தால், பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமமான ஒரு பங்கு. பிள்ளைகள் உள்ள முஸ்லிம் விதவைக்கு எட்டில் ஒரு பங்கு. அளவு வேறு, ஆனால் மூன்றுமே முழு உரிமை. விற்கலாம், மகளுக்கு எழுதிவைக்கலாம். மறுமணம் செய்தாலும் கைக்கு வந்த பங்கு போகாது என்று இந்து விதவை பற்றி 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"சம்பாதித்தது அப்பா, பாடுபட்டது நாங்கள்" என்பது மகன்மாரின் அடுத்த வாதம். கணவன் வளைகுடாவில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், இங்கே வீட்டைக் கட்டிக்காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. வளைகுடாப் பணத்தில் வாங்கிய விளைகள் நம் மாவட்டத்தில் எத்தனை!

பட்டா மகன் பேரில் மாறிவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பதும் பிழை. பட்டா வரி கட்டுவதற்கான ஆவணம். அதனால் மட்டும் உடைமை மாறாது. அம்மை வாயால் "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மக்கா" என்று சொன்னதாலும் மாறாது. அதனால்தான் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு போட்டோ, கருவியில் விரல்ரேகை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. எவருடைய தூண்டுதலும் இல்லாமல் முழுமனதோடு விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் சொல்லும். வாசித்துக் காட்டுவோர் குறைவு. வாரிசுச் சான்றில் அவள் பெயரும் ஒரு வாரிசாக இருக்கிறது என்பதைக்கூட யாரும் அவளிடம் எடுத்துச் சொல்வதில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் அவசரமாக வாங்கும் விடுதலைப் பத்திரத்தைப் பாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அது பறிப்பு.

பிறகு சோறு நின்றால்? மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறதே என்பார்கள். எழுதிக்கொடுத்த சொத்தை அதன் 23-ஆம் பிரிவில் திரும்பப் பெறப் பராமரிப்பு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகன்மார் எழுதிக் கொண்டுவரும் பத்திரத்தில் அந்த வரியைத் தேடினாலும் கிடைக்காது. மிஞ்சுவது ஜீவனாம்ச மனு. தனக்கென்று நிலம் இருந்தவள் நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ கோட்டாட்சியர் முன் போய் நிற்க வேண்டும். அந்தச் சட்டப்படி அவளுக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை மாதம் பத்தாயிரம் ரூபாய்.