வில்லன் இல்லை அப்பா, வி-லான்!

அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்து இரண்டு வாரம் எங்களோடு இடப்பள்ளியில் இருந்தார். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு நான் போனில் "அந்த வி-லானைத் தூக்கு, இந்த வி-லானைப் போடு" என்று கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, தங்கமணியிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார்: "ஏம்மா, இவன் என்ன வில்லன் வில்லன்னு பேசிக்கிட்டு இருக்கான்? சினிமாக்காரங்ககிட்டயா வேலை பாக்கான்?"

ஒன்பது வருஷமாய் இந்த ஊரில் நான் புடுங்குகிற ஆணி என்னவென்று அன்றைக்குத்தான் வீட்டில் விளக்கினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். என்னைப் போலப் பொட்டி தட்டுகிறவனுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை இது. துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு, ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டைச் செல்போனில் கேமரா வழியாக எட்டிப் பார்க்கிற எல்லாருக்கும் இதில் சேதி இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். நான் முதலில் போனபோது அங்கே 24 போர்ட் உள்ள ஒரே ஒரு சுவிட்ச். ரிசப்ஷன், டாக்டர் அறை, ரத்தப் பரிசோதனைக் கூடம், கேமராக்கள், டிவி, காத்திருப்பவர்களுக்கான இலவச வைஃபை, எல்லாம் அதே சுவிட்சில். சுவிட்சை வாங்கும்போது எல்லா போர்ட்டும் வி-லான் 1-இல் இருக்கும். அதை யாரும் தொடவேயில்லை. அதனால் ஒரு கம்ப்யூட்டர் "யாரப்பா அங்கே?" என்று பொதுவாகக் குரல் கொடுத்தால் அத்தனை போர்ட்டுக்கும் கேட்கும். மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும் போனும், அவருடைய ரத்த ரிப்போர்ட் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. நடுவில் வேலிகூடக் கிடையாது.

இந்த வேலியைத்தான் வி-லான் போடுகிறது. ஒரே சுவிட்சை உள்ளுக்குள் மூன்று நான்கு சுவிட்சாகப் பிரித்துவிடுவது. 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி யோசித்தது. 1998-இல் 802.1க்யூ என்ற பொதுத் தரமாக வந்தது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட்டில் ஒரு குறி. அதில் 12 பிட் வி-லான் எண்ணுக்கு. கணக்குக்கு 4096 வரும். முதலும் கடைசியும் போக 4094 பயன்படும்.

அப்பாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி கூட்டிப் போய்விட்டு, அப்படியே ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கிற தோபி கானாவுக்கும் போனோம். டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சலவைக் குடும்பங்கள் இன்றைக்கும் தமிழ் பேசிக்கொண்டு அங்கே வேலை செய்கிறார்கள். துவைக்க ஆளுக்கொரு தனித் தொட்டி. காயப்போடுவது பொதுத் திடல். உங்கள் சட்டை என் வீட்டுக்கு வராமலிருப்பது துணியில் இருக்கிற சலவைக் குறியால். அப்பாவிடம் சொன்னேன்: தனித் தொட்டிதான் ஆக்சஸ் போர்ட், ஒரு வி-லானுக்கு மட்டும். பொதுத் திடல் ட்ரங்க் போர்ட். பல வி-லான்களின் சரக்கும் அந்த ஒரே கேபிளில் போகும். குறியைப் பார்த்து அடுத்த சுவிட்ச் பிரித்துக்கொள்ளும். ஒரே ஒரு வித்தியாசம், ஆக்சஸ் போர்ட் வழியாக வெளியே வரும்போது சுவிட்ச் அந்தக் குறியைக் கழற்றிவிடும். அப்பா தலையாட்டினார் :-)

இதைச் செய்வது எளிது. "சுவிட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்", "சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 20". இரண்டு வரி, ஒரு போர்ட் முடிந்தது. எளிது என்பதால்தான் நான் விழுந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் 10, 20, 30 என்று பிரித்து, சில மாதம் நன்றாக ஓடியது. கேமராக்களுக்கு 40 சேர்க்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே உள்ளே நுழைந்து, ட்ரங்க் போர்ட்டில் "அலவ்ட் விலான் 40" என்று அடித்தேன். "அலவ்ட் விலான் ஆட் 40" என்று அடித்திருக்க வேண்டும். 'ஆட்' இல்லாவிட்டால் சேர்க்காது. பழையதையெல்லாம் அழித்துவிட்டு 40-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். "நிஜமாவா?" என்று ஒரு கேள்விகூடக் கேட்காது. 10 போனதும் நானும் வெளியே வந்து விழுந்தேன், ஏனென்றால் நான் உள்ளே போயிருந்ததே 10 வழியாகத்தான்.

மாற்றத்தை நான் சேமித்திருக்கவில்லை. சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் ரேக் சாவி என் பையில்! சாயங்கால இடப்பள்ளி சந்திப்பு எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். 66, 544 இரண்டு தேசிய நெடுஞ்சாலையும், லுலு மாலுக்குப் போகிற கூட்டமும் சேருகிற இடம். இரண்டு கிலோமீட்டருக்கு பைக்கில் நாற்பது நிமிஷம். போய்ச் சேர்ந்தபோது, காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ரத்த ரிப்போர்ட் தயார், டாக்டர் திரைக்குத்தான் வரவில்லை. கடைசியில் யாரோ தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதற்கப்புறம் சில பேர் என்னிடமே சொன்னார்கள்: "பார்த்தியா, ஒண்ணா இருந்தப்போ நல்லாத்தானே ஓடிச்சு? சின்ன இடத்துக்கு எதுக்கு இதெல்லாம்?" இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பு பிரித்ததில் இல்லை, அவசரமாய்ப் பிரித்ததில். தொலைவிலிருந்து கை வைப்பதற்கு முன் "ரீலோட் இன் 10" என்று போட்டிருந்தால், பத்து நிமிஷத்தில் சுவிட்ச் தானே எழுந்து பழைய நிலைக்கு வந்திருக்கும். எல்லாம் சரியாயிருந்தால் "ரீலோட் கேன்சல்". இப்போதெல்லாம் இது இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. எந்த போர்ட் எந்த வி-லான் என்று தாளில் எழுதி ரேக் கதவுக்குள் ஒட்டுகிறேன். சாவி ஒன்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வி-லான் போட்டதோடு வேலை முடியவில்லை. இரண்டு வி-லானுக்கும் நடுவே ரவுட்டர் இருக்கும். யார் யாரிடம் பேசலாம் என்று அதில் விதி எழுதாவிட்டால், வேலி போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்து வைத்த கதை. சும்மா கிடக்கிற போர்ட்டுகளை மூடிவிட வேண்டும். நாற்பது வி-லானும் வேண்டாம், நாலு போதும்.

எல்லாம் பேசிவிட்டு அப்பாவிடம், "நம்ம வீட்டு கேமரா பொட்டிக்குப் பாஸ்வேர்ட் என்னப்பா?" என்று கேட்டேன். "மாட்டிட்டுப் போன பையன் சொன்னதுதான்" என்றார். கம்பெனியிலிருந்து வந்த அதே பாஸ்வேர்ட், மூன்று வருஷமாய்! ஊருக்குத்தான் உபதேசம். 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படிப் பாஸ்வேர்ட் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் பொட்டிகளையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபர் 21-இல் அவற்றை வைத்தே டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரே திறக்கவில்லை.

ஆகவே மக்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பலகாரம் பங்கு வைத்து முடித்ததும் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் வாசல் எதுவும் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேமரா வைஃபையில் ஓடுவதானால் ரவுட்டரில் 'கெஸ்ட்' இணைப்பு ஒன்று இருக்கும், அதில் போட்டுவிடுங்கள். அம்மா பேங்க் வேலை பார்க்கிற போன் தனியே இருக்கட்டும். வயரில் ஓடுகிற பொட்டிக்கு, வி-லான் தெரிந்த சின்ன சுவிட்சும் ரவுட்டரும் வேண்டும். சாதாரண சுவிட்சைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

பி.கு.: கோவில்பட்டி வீட்டு வேலை போன வாரம் முடிந்தது. தெருவில் எல்லாரிடமும் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாராம், "எம்மவன் வந்து கேமராவுக்குத் தனி வில்லன் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான்."